முகூர்த்தத்துக்குக் கேட்கிறோம், மூணாறுக்குக் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழோடு கோடை விடுமுறைக்கென்று தனியாக நான்கு பக்கம் வந்திருந்தது. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, ஏலகிரி என்று படங்களோடு நன்றாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில், கிளம்பும் முன் மருந்துப் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பஞ்சு, பிளாஸ்திரி. எல்லாம் சரி. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் என் கடையில் இவை எல்லாவற்றையும்விட அவசரமாகவும் கூச்சமாகவும் கேட்கப்படுகிற மாத்திரை ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியாத்தத்தில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம். படித்த மருந்தாளுநர். பொம்பளை உட்கார்ந்திருக்கிற கடை என்பதால், வழியில் நாலு மெடிக்கல் இருந்தாலும் அதையெல்லாம் தாண்டி என்னிடம் வருகிற பெண்கள் நிறைய. வந்தாலும் வாயைத் திறந்து கேட்பவர்கள் கம்மி. கடையில் ஆம்பிளை யாராவது நின்றால் தலைவலித் தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு, சில்லறையை எண்ணுகிற மாதிரி ஓரமாக நின்று, அவர் போன பிறகு, "அக்கா, அது... கொஞ்சம் தள்ளிப் போறதுக்கு..." என்று பாதியில் நிறுத்துவார்கள். சிலர் வீட்டுப் பையனிடம் சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள், எட்டாக மடித்திருக்கும், உள்ளே மாத்திரையின் பெயர் தப்பும் தவறுமாக, அதற்கும் உள்ளே ஒரு நூறு ரூபாய். பத்து வயசுப் பையனிடம், இது யாருக்கு, எத்தனை நாளைக்கு, அவர்களுக்கு வேறு என்ன உடம்புக்கு என்று நான் எப்படிக் கேட்பேன்? முன்பெல்லாம் மாத்திரை அட்டையை உங்கள் நாளிதழின் பழைய தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பேன். நாப்கினுக்குக் கறுப்பு கவர், இதற்குப் பேப்பர். எங்கள் ஊர் வழக்கம் அது.

இந்த மாத்திரை கெடுதல் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. முறையாகச் சாப்பிட்டால் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பரீட்சை, கல்யாணம், பயணம் என்று அவசரத்துக்கு நல்ல உதவிதான். என் வருத்தம் வேறு. பயணத்துக்கு நாள் குறிக்கும்போது அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குறித்த பிறகு, அந்த நாளுக்குத் தகுந்தபடி அவள்தான் தன் உடம்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையும் யாரிடமும் சொல்லாமல், ஒரு டாக்டரைக்கூடப் பார்க்காமல், தனியாக.

இத்தனைக்கும் இப்படிக் கேட்பது நமக்குப் புதிதே இல்லை. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கும்போது என்ன செய்கிறோம்? ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து மூன்று நாள் சொல்வார். பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போவாள். பெண்ணிடம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டாவதா சொன்ன தேதியே வச்சிக்கலாமே" என்பாள். ஏன் என்று சபையில் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைப்பார். அவ்வளவு சுளுவாக முடிந்துவிடும். அதே பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபிறகு அந்தக் கேள்வி எங்கே போகிறதோ தெரியவில்லை. மூணாறுக்கு வேன் பேசும்போது டிரைவருக்கு எந்த நாள் ஒழியும் என்று கேட்கிறோம். கம்பெனியில் எத்தனை நாள் லீவு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று திறக்கிறது, மச்சான் பெங்களூரிலிருந்து எந்த ரயிலில் வருகிறார், எல்லாம் கேட்கிறோம். சமையல்கட்டில் நிற்கிறவளை மட்டும் கேட்பதில்லை. அவள் தேதி அதே சுவரில், காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியாக இருக்கிறது. பால் கணக்கைப் பார்க்கிற கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரிவதில்லை.

என் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். 1997. என் மூத்த மகனுக்கு மூன்று வயது. திருப்பதியில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். நாள் குறித்தவர் என் மாமனார். பதினான்கு பேர், காட்பாடியிலிருந்து ரயில். என் தேதி சரியாக அந்த நாளில் வந்து விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாமனாரிடம் போய் எப்படிச் சொல்வது? கிளம்புவதற்கு முந்தின நாள்தான் மாமியாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷி. திட்டவில்லை. கொழுந்தனாரை அனுப்பி ஒரு மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கி வரச் சொன்னார். "இன்னிக்கு ராத்திரி ஒண்ணு, விடியகாலம் ஒண்ணு, போதும்" என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னார்கள். நானும் அப்படியே போட்டுக்கொண்டேன். சித்தூர் தாண்டும்போது அடிவயிறு இழுத்தது. பாகாலா ஸ்டேஷனில் தெரிந்துவிட்டது.

அப்புறம் என்ன, மற்றவர்கள் எல்லாம் மலைக்குப் போனார்கள். நான் கீழே திருப்பதியில், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்தில், நடக்க முடியாத ஒரு பாட்டியோடு ஏழு பைகளுக்குக் காவல் இருந்தேன். அப்போது கையில் போன் கிடையாது. மொட்டை போட்டாயிற்றா, அழுதானா, சாப்பிட்டானா, எதுவும் தெரியாது. இரவு ஏழு மணிக்கு வந்தார்கள். மகன் என் தம்பியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து, ஏரிக்கரை மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. வலது காதுக்கு மேலே கத்தி பட்ட சின்னக் கீறல், அதில் எறும்பு அளவுக்கு ரத்தம் உறைந்திருந்தது. "அடுத்த தடவ பாத்துக்கலாம், விடும்மா" என்றார் மாமியார். முதல் மொட்டைக்கு அடுத்த தடவை ஏது?

அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் நான் டி.பார்ம். சேர்ந்தேன். மருந்தியல் புத்தகத்தில் ஒரு நாள் அந்த மாத்திரையின் பெயர் வந்தது. எதிர்பார்க்கும் தேதிக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். கடைகளில் பல பெயரில் வந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது நோரெத்திஸ்டிரோன் என்ற ஒரே மருந்துதான், 5 மில்லிகிராம். நம் உடம்பில் ஊறுகிற புரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்வது. ஒவ்வொரு மாதச் சுற்றின் கடைசியிலும் உடம்பில் அந்தச் சுரப்பு இறங்கும்போதுதான் கர்ப்பப்பையின் உள்சவ்வு கழன்று உதிரமாக வருகிறது. இந்த மாத்திரை அந்த அளவு இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. கேட்கிற பெண்களுக்கு நான் ஏரி மதகை வைத்துச் சொல்வேன். பலகை இறங்கியிருக்கிறவரை தண்ணீர் வெளியே வராது. பலகையைத் தூக்கினால் வரும். ஏற்கெனவே பாய ஆரம்பித்த தண்ணீரை, பலகையை இறக்கி நிறுத்த நினைப்பது வீண். நான் 1997-ல் செய்தது அதுதான்.

வழக்கமாக டாக்டர்கள் எழுதித் தருவது ஒரு நாளைக்கு மூன்று வேளை, தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். திருப்பதி, பழனி என்று கோயில் கோயிலாகப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். கடைசி தரிசனம் முடியும் முன்பே நிறுத்திவிட்டால் நடுவழியில் மாட்டிக்கொள்வார்கள். நடுவில் ஒரு வேளை விட்டுப்போனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை படும். வேனில் தூங்கிவிட்டேன், மத்தியான மாத்திரை மறந்துவிட்டேன் என்று வந்து சொல்பவர்கள் பல பேர். வயிறு உப்புசம், குமட்டல், மார்பில் வலி, தலைவலி, காரணமில்லாத எரிச்சல், இதெல்லாம் சிலருக்கு வரும். வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பயணம் பத்து நாள் தள்ளிப்போய்விட்டது என்று மாத்திரையையும் அப்படியே இழுத்துக்கொண்டு போகக்கூடாது. பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்றுதான் பொதுவாக எழுதித் தருவார்கள்.

இன்னொன்று, புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு. இந்த மாத்திரை சாப்பிட்டால் குழந்தை தங்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படி நாலு நாள், பத்து நாள் சாப்பிடுவது கருத்தடை ஆகாது. அது வேறு மாத்திரை. அந்த வேறு மாத்திரையை, அதாவது அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற மாலா-என் போன்றதை, ஏற்கெனவே தினமும் சாப்பிடுகிறவர்களுக்குத் தள்ளிப்போட இன்னொரு மருந்தே தேவையில்லை. அந்த அட்டையில் 28 மாத்திரை. 21 தான் மருந்து, மீதி 7 இரும்புச்சத்து. அந்த ஏழு மாத்திரையை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் அந்த மாதம் தள்ளிப்போகும். அப்படிச் செய்யலாமா என்று ஒரு முறை நர்ஸம்மாவிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொண்டு செய்தால் போதும். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். இந்த மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. நான் பல வருடம் சீட்டு இல்லாமல்தான் கொடுத்தேன். பாவம், நாளைக்கு வண்டி ஏறப் போகிறாள், டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும், அதுவும் ஆண் டாக்டராக இருந்தால் சொல்லமாட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கொடுத்தேன்.

ஒரு மே மாதம், ஷூ கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கம்பெனிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து சீட்டு கட்டி, கொடைக்கானலுக்கு வேன் எடுத்திருக்கிறார்கள். அவள் பிறந்து முதல் முதலாகப் போகிற சுற்றுலா. ஐந்து நாளைக்கு மாத்திரை கேட்டாள். நான் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் எண்ணி வெட்டிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு, "ராத்திரி முழுக்க வேன்ல உட்காரணுமே, கால் வீங்கிடப் போவுது, பாத்துக்கோ" என்றேன். "எனக்கு எப்பவுமே வீங்கிதாங்கா இருக்கும்" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இடது கணுக்கால் வலதைவிடப் பருத்து, செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாக நின்றது. என்ன ஆச்சு என்று கேட்டேன். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் காலில் ரத்தம் கட்டிக்கிச்சு, மூணு மாசம் வயித்துல ஊசி போட்டாங்க, அப்புறம் மாத்திரை, இப்போ ஒண்ணும் இல்லை என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. இதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ரத்தம் உறைகிற ஆபத்தை அது கூட்டும். அதோடு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு வேனில் உட்காருவது, வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருவது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால்? வெட்டிய மாத்திரைகளை எடுத்து மறுபடி டப்பாவில் போட்டேன். அவளுக்குக் கோபம். "எல்லாருக்கும் குடுக்கற, எனக்கு மட்டும் இன்னாக்கா?" என்றாள். உட்கார வைத்து விளக்கிச் சொன்னேன். நாப்கினும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். கொடைக்கானல் போய்விட்டு வந்தாள். தூண் பாறை முன்னால் எடுத்த போட்டோவை எனக்குக் காட்டினாள். அன்றைக்கு நான் சும்மா பேச்சுக்குக் கேட்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்குப் பிறகு டாக்டர் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. டாக்டரிடம் போகும்போது என்னென்ன மறக்காமல் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். எப்போதாவது கால், நெஞ்சு, மூளை என்று எங்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா, பக்கவாதமோ மாரடைப்போ வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் அப்படி ஆனதா. மார்பகப் புற்றுநோய், கல்லீரல் கோளாறு இருந்ததா. கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிந்து அப்புறம் வருகிற ஒற்றைத் தலைவலி உண்டா. காரணம் தெரியாமல் நடுவில் ரத்தம் படுகிறதா. டி.பி. மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிடுகிறார்களா, ஏனென்றால் அவற்றில் சில இதை வேலை செய்ய விடாது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்களா. இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆபத்து உள்ளவர்களுக்கு வேறு மருந்து எழுதலாமா, ஒன்றுமே வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். ஐந்து நிமிட வேலை.

மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் மங்கினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் சரி. நம் மாநிலத்துக்குள் என்றால் 108. சந்தேகம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது. போனில் பேசுகிறவர் முகம் தெரியாது என்பதால் கூச்சப்படுகிறவர்களுக்கு அது நல்ல வழி.

தேதி தாண்டி நான்கு நாள் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை, பயணத்தில் வந்துவிடப் போகிறது, ஒரு மாத்திரை கொடு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டைதான். இரண்டு கோடு விழுந்து, அழுதுகொண்டே சிரித்தவர்களும் உண்டு, சிரிக்காதவர்களும் உண்டு.

டாக்டரைப் பார்ப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வேலூருக்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வருகிறார்கள். காட்பாடியில் இறங்கும்போது கையில் பெரிய பெரிய ஸ்கேன் கவர். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பெண்களோ, ஒரு ஹார்மோன் மாத்திரையை நான்காம் வகுப்புப் பையன் கையில் சீட்டு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதை நினைத்து நான் பல இரவு வருத்தப்பட்டிருக்கிறேன்.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்பார்கள். வெறும் வயிற்றில் பொட்டுக்கடலை, எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் தள்ளிப்போடும் என்றும், பப்பாளியும் எள்ளும் முன்னால் கொண்டுவரும் என்றும் நம் பக்கம் உறுதியாக நம்புகிறார்கள். பொட்டுக்கடலை நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதை நம்பிக் கோயிலுக்கு நாள் குறிக்கக்கூடாது. பெண் உடம்பு என்ன கடிகாரமா? 21 நாளில் வருவதும் இயல்பு, 35 நாளில் வருவதும் இயல்பு. ஒரு மாதம் தானாக நாலு நாள் தள்ளிப்போனதைப் பொட்டுக்கடலைக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது சின்னப் பிள்ளைகள் விஷயம். வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே திரண்டு நிற்கும். வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தூரம் ஆகிவிடக்கூடாது என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு அம்மா தன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. பெரியவளாகி எட்டு மாதம்தான் ஆகிறது. "எனக்கு இல்லக்கா, இதுக்கு" என்றாள். அந்தப் பிள்ளை அம்மாவுக்குப் பின்னால் நின்று, கண்ணாடி ஜாடியில் இருந்த சளி மிட்டாயின் பெயரை வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி.

நான் கொடுக்கவில்லை. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் தேதி ஒழுங்காகவே இருக்காது, எந்த நாளைக் கணக்கு வைத்து மாத்திரை ஆரம்பிப்பாய் என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. "அம்மன் கோவிச்சிக்கும்க்கா" என்றாள். நான் கும்பிடாதவள் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் கடை திறக்கமாட்டேன். அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது அவரவர் மனசு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அம்மனும் பெண்தானே. எங்கள் தெருவிலிருந்தே மார்கழியில் சிவப்புப் புடவை கட்டி, இருமுடி எடுத்து மேல்மருவத்தூர் போகிறார்கள். அங்கே அந்த நாட்களிலும் பெண்கள் போகலாம், யாரும் தடுப்பதில்லை. அங்கே போகிற அக்காமார் ஒருவர்கூட இந்த மாத்திரைக்கு என் கடைக்கு வந்ததில்லை. ஒரு அம்மன் ஏற்றுக்கொள்வதை இன்னொரு அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று கேட்டேன். அவள் மாத்திரை வாங்காமல் போனாள். வேறு கடையில் வாங்கினாளா, தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு சளி மிட்டாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தது.

மாத்திரை இல்லாமலே போய்வரலாம் என்பதையும் நம் பெண்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கோயில் வேறு விஷயம். ஏலகிரிக்கும் அமிர்திக்கும் போவதற்கு எதற்கு மாத்திரை? என் மகள் கல்லூரியில் படிக்கும்போதே மாதவிடாய்க் கோப்பைக்கு மாறிவிட்டாள். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் சின்னக் கிண்ணம். பழகுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. பழகிவிட்டால் பன்னிரண்டு மணி நேரம்வரை கவலை இல்லை, அருவியில்கூடக் குளிக்கலாம் என்கிறாள். அதை வைத்துக்கொள்ளப் பிடிக்காதவர்கள் நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது என்பதுதான் கேள்வி. ஆம்பிளைகள் டீ குடிக்கிற இடத்தில் வண்டி நிற்கிறது. கழிப்பறை இருக்கிற இடத்தில் நிற்பதில்லை. சுற்றுலா வேன் ஓட்டுகிற தம்பிகளுக்கு என் வேண்டுகோள்: மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிற பங்க்கிலோ ஓட்டலிலோ யாரும் கேட்காமல் நீங்களே நிறுத்துங்கள். கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். கேட்கமாட்டார்கள்.

திருப்பதி டிக்கெட் மூன்று மாதத்துக்கு முன்பே ஆன்லைனில் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவு தூரத்துக்குத் தேதியை யார் கணித்துச் சொல்வது என்று கேட்பீர்கள். உண்மைதான், துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் மாத ஆரம்பமா, நடுவா, கடைசியா என்று ஒரு பெண்ணால் சொல்ல முடியும். கேட்டால் சொல்வாள். போன மாதம் பேர்ணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு தம்பி, கட்டட வேலை செய்கிறவர், காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர், கடையிலேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "ஏம்மா, மே மாசம் இருபதுக்கு மேல போட்டா உனக்கு ஒத்து வருமா, முன்னால போடட்டுமா?" என்று சத்தமாகவே கேட்டார். பக்கத்தில் இரண்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தணிக்கவில்லை. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "சரி, அப்ப ஏழாந்தேதி" என்று வைத்துவிட்டார்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். அடுத்த முறை விடுமுறைக்குப் பக்கம் போடும்போது ஒரு மகப்பேறு டாக்டரிடம் இதைப் பற்றி நாலு கேள்வி கேட்டுப் போடுங்கள். மகளிர் பக்கத்தில் ஒளித்து வைக்காமல், வேன் கட்டணமும் ரயில் நேரமும் போடுகிற அதே பக்கத்தில் போடுங்கள், ஆண்களும் படிப்பார்கள். இரண்டாவது, என் சொந்தக் கதையை வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளுங்கள், மாத்திரையை எப்போது தொடங்குவது, யார் சாப்பிடக்கூடாது, எந்த அறிகுறி வந்தால் ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிற இடத்தை மட்டும் வெட்டாமல் போடுங்கள். அந்தப் பேப்பர் ஐம்பது பிரதி எங்கள் ஏஜெண்டிடம் சொல்லி வாங்கி வைக்கப் போகிறேன். இனிமேல் டாக்டர் சீட்டோடு வருகிறவர்களுக்கு அட்டையை அந்தப் பக்கத்தில்தான் சுற்றிக் கொடுப்பேன்.

என் பெயரைப் போட வேண்டாம். எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. நான் சொன்ன பெண்கள் எல்லாம் இதே ஊரில் இருக்கிறார்கள், என் பெயரைப் பார்த்தால் அவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்